ராத்திரி நன்றாக இருந்த கார் காலையில் எழவில்லையா? பேட்டரி இறங்கும் காரணத்தைப் பிடிக்கும் வழி

காலையில் பேட்டரி டவுன் ஆகிக் கிடந்தால் பலரும் முதலில் செய்வது பேட்டரி கடைக்கு போன் போடுவதுதான். கடைப் பையன் வருவார், டெஸ்டரை மாட்டுவார், "லைஃப் முடிஞ்சுது சார், மாத்திடலாம்" என்பார். முழுசாக இறங்கிய பேட்டரியை சார்ஜ் போடாமல் டெஸ்டரில் வைத்தால் நல்ல பேட்டரியும் பெரும்பாலும் மோசமாகத்தான் காட்டும். நாலாயிரம் ஐயாயிரம் கொடுத்துப் புதிதாக மாட்டுவீர்கள். வண்டியில் கரண்ட் கசிகிற இடம் அப்படியே இருந்தால் பத்து நாளில் அதுவும் படுத்துவிடும்.

அதனால் காசை எடுப்பதற்கு முன் மூன்றில் எது என்று தெரிந்துகொள்ள வேண்டும். பேட்டரிக்கே சார்ஜைப் பிடித்து வைக்கும் தெம்பு போய்விட்டதா? ஓடும்போது ஆல்டர்னேட்டர், அதாவது மெக்கானிக்குகள் டைனமோ என்று சொல்வது, சார்ஜ் ஏற்றவில்லையா? இல்லை, நிறுத்திய பிறகு ஏதோ ஒன்று ராத்திரி முழுக்கக் குடிக்கிறதா? வண்டி எப்படி மக்கர் பண்ணுகிறது என்பதை வைத்தே பாதி சொல்லிவிடலாம். மீதிக்கு ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டரும் பத்தாம் நம்பர் ஸ்பேனரும் போதும்.

முதலில் ஒரு கணக்கு

நம் ஊரில் ஓடும் சின்ன பெட்ரோல் கார்கள் பலவற்றில் 35 ஆம்ப் ஹவர் பேட்டரி இருக்கும். அதாவது 1 ஆம்ப் வீதம் இழுத்தால் ஏறக்குறைய 35 மணி நேரம் தாங்கும். டீசல், எஸ்யூவி என்றால் 60, 65 என்று போகும். 35 என்று வைத்துக்கொள்வோம். நம் வெயிலுக்கு, நல்ல பேட்டரியில் பாதி சார்ஜ் இருந்தாலே செல்ஃப் அடித்துவிடும். ஆக, ராத்திரி பத்து மணி நேரத்தில் வண்டி எழாத அளவுக்கு இறங்க வேண்டுமானால் 20 ஆம்ப் ஹவராவது காலியாகியிருக்க வேண்டும். அதற்கு 2 ஆம்ப் விடாமல் ஓட வேண்டும்.

இப்போது டிக்கி லைட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 5 வாட் பல்பு. 12 வோல்ட்டில் 0.4 ஆம்ப் சொச்சம். பத்து மணி நேரம் எரிந்தால் 4 ஆம்ப் ஹவர். நல்ல பேட்டரி இதைச் சட்டையே செய்யாது. "டிக்கி லைட் எரிஞ்சுட்டே இருந்துது, அதான் ஒரே நைட்ல டவுன்" என்று யாராவது சொன்னால் பாதிக் கதைதான் உண்மை. அந்த பேட்டரி ஏற்கெனவே அரை உயிரில் இருந்திருக்கிறது. மாறாக பிரேக் லைட் இரண்டு, ஒவ்வொன்றும் 21 வாட் பல்பு, ராத்திரி முழுக்க எரிந்தால் 3.5 ஆம்ப். பத்து மணி நேரத்தில் 35 ஆம்ப் ஹவர். புத்தம் புது பேட்டரியையும் அது சாய்த்துவிடும்.

எல்லாம் ஆஃபில் இருந்தாலும் கடிகாரம், அலாரம், ரிமோட் லாக், இன்ஜின் கம்ப்யூட்டர் எல்லாம் சேர்ந்து கொஞ்சம் இழுத்துக்கொண்டேதான் இருக்கும். 20 முதல் 50 மில்லியாம்ப் வரை இருந்தால் தவறில்லை. 50 மில்லியாம்ப் என்றால் ஒரு நாளைக்கு 1.2 ஆம்ப் ஹவர். இரண்டு வாரத்தில் பாதி பேட்டரி காலி. மூன்று வாரம் ஊருக்குப் போய்விட்டு வந்து வண்டி எழவில்லை என்றால் அதைக் கோளாறு என்று சொல்ல முடியாது. கிளம்பும்போதே மைனஸ் டெர்மினலைக் கழற்றி வைத்திருக்கலாம், அவ்வளவுதான்.

மீட்டரில் எந்த எண் எதைச் சொல்கிறது என்பதும் தெரிந்திருக்கட்டும். வண்டி சில மணி நேரம் சும்மா நின்ற பிறகு, டிசி 20 வோல்ட் ரேஞ்சில் வைத்துப் பார்த்தால் 12.6 அல்லது அதற்கு மேல் முழு சார்ஜ். 12.4 முக்கால். 12.2 பாதி. 12.0 கால். 11.8 என்றால் காலி என்றே வைத்துக்கொள்ளலாம். ஓட்டி வந்து நிறுத்திய உடனே பார்த்தால் 12.9, 13 என்று பொய்யாக உயர்த்திக் காட்டும். அவசரமாகப் பார்க்க வேண்டுமானால் ஹெட்லைட்டை இரண்டு நிமிடம் எரியவிட்டு அணைத்து, கொஞ்சம் பொறுத்துப் பாருங்கள்.

சாவியைத் திருப்பினால் டேஷ்போர்டே எரியவில்லை

பானெட்டைத் திறந்து டெர்மினல் கிளாம்ப் இரண்டையும் கையால் திருகிப் பாருங்கள். அசைந்தால் கோளாறு அங்கேயே இருக்கலாம். இறுக்கி ஸ்டார்ட் பண்ணிப் பாருங்கள். கிளாம்பைச் சுற்றி வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் வெந்நீரில் ஆப்ப சோடா கலந்து பழைய டூத் பிரஷால் தேய்த்தால் நுரைத்துக்கொண்டு போய்விடும். தண்ணீர் ஊற்றும் வகை பேட்டரி என்றால் மேலே உள்ள மூடிகள் இறுக்கமாக இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். சோடா தண்ணீர் உள்ளே போகக் கூடாது. துடைத்துக் காயவைத்து இறுக்கிய பிறகு மேலாக வாஸ்லின் தடவுங்கள். கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். ஸ்பேனர் தவறிப்போய் பிளஸ்ஸையும் பாடியையும் ஒரே நேரத்தில் தொட்டால் பொறி எப்படிப் பறக்கும் என்று பார்த்தவர்கள் இந்த வரிசையை மறக்க மாட்டார்கள்.

கிளாம்ப் சரியாக இருந்து, பேட்டரி முனைகளில் மீட்டர் 12.5 காட்டுகிறது, ஆனால் டேஷ்போர்டு இருட்டு என்றால் மெயின் ஃப்யூஸ் போயிருக்கலாம் அல்லது எர்த் ஒயர் அற்றிருக்கலாம். பேட்டரிக்கு அதில் சம்பந்தமில்லை.

மீட்டரே 5, 6 வோல்ட் என்று காட்டினால் ராத்திரி பெரிதாக ஒன்று ஓடியிருக்கிறது. 2 ஆம்ப் கணக்கை மனதில் வைத்துத் தேடுங்கள். பார்க்கிங் லைட் முன்னும் பின்னும் நம்பர் பிளேட்டும் சேர்ந்து 25 வாட்டுக்கு மேல் வரும், அது போதும். பாட்டு கேட்டுவிட்டு சாவியை ஆக்சஸரியிலேயே விட்டிருக்கலாம். டிக்கியில் ஆம்ப்ளிஃபையர் வைத்த வண்டி என்றால், செட்டை அணைத்தாலும் அது அணையாதபடி, அதை ஆன் செய்யும் ரிமோட் ஒயரை நேர் கரண்டில் கொடுத்திருப்பார்கள்.

ஆனால் பலர் யோசிக்காத இடம் பிரேக் பெடல். பெடல் மேலே வந்து நிற்கும் இடத்தில் பட்டாணி அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் அல்லது ரப்பர் பட்டன் இருக்கும். அது பிரேக் சுவிட்சின் நுனியை அமுக்கிக்கொண்டிருக்கும்வரை லைட் அணைந்திருக்கும். வண்டி பழசாக ஆக, வெயிலில் அந்த பட்டன் காய்ந்து பொடிந்து விழும். பெடலில் இருப்பது வெறும் ஓட்டை. சுவிட்சின் நுனி அந்த ஓட்டைக்குள் நுழைந்துவிடும். காலை எடுத்தாலும் பிரேக் லைட் எரியும், சாவியை எடுத்தாலும் எரியும். பல வண்டிகளில் பிரேக் லைட்டுக்கு சாவி தேவையில்லை. டிரைவர் பக்க மிதியடியில் பொடிப்பொடியாக வெள்ளையோ நீலமோ பிளாஸ்டிக் கிடந்தால் கையோடு பின்பக்கம் போய்ப் பாருங்கள். பட்டன் விலை சில்லறைக் காசு. அவசரத்துக்கு ஓட்டைக்குப் பொருத்தமாக ஒரு போல்ட்டும் நட்டும் போட்டு ஓட்டிவிடலாம். இந்தக் கோளாறு பகலில் கண்ணில் படாது. பின்னால் வருபவர் ஹாரன் அடித்துச் சொன்னால்தான் உண்டு.

டக் டக் டக் என்று மட்டும் கேட்கிறது

செல்ஃப் மோட்டாரின் சுவிட்ச் இழுக்கிறது, வோல்டேஜ் விழுகிறது, விட்டுவிடுகிறது, மறுபடி இழுக்கிறது. அந்தச் சத்தம்தான் அது. சார்ஜ் குறைவாக இருக்கலாம், கனெக்ஷன் மோசமாக இருக்கலாம். எது என்று மீட்டர் சொல்லும்.

முதலில் சும்மா நிற்கும்போது அளவு பாருங்கள். 11.9 என்றால் இறங்கியிருக்கிறது. சார்ஜ் போட்ட பிறகே மற்றதைப் பேச முடியும். 12.5 இருந்தால், மீட்டரை பேட்டரி முனைகளில் வைத்தபடியே வேறொருவரை சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரிக்குத் தெம்பில்லை. அபூர்வமாக, செல்ஃப் மோட்டார் தேவைக்கு மேல் இழுக்கிறது என்றும் இருக்கலாம். பேட்டரியில் 12 அப்படியே நிற்கிறது, ஆனால் டக் டக் நிற்கவில்லை என்றால் கரண்ட் வழியில் தடைபடுகிறது. மீட்டரின் ஒரு குச்சியை பேட்டரியின் ஈய முனை மேலும் இன்னொன்றை அதே முனையின் கிளாம்ப் மேலும் வைத்து செல்ஃப் அடித்துப் பாருங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த இரண்டுக்கும் நடுவே அழுக்கு. மைனஸ் முனைக்கும் இன்ஜின் உடம்புக்கும் நடுவில் அரை வோல்ட்டுக்கு மேல் வந்தால் எர்த் ஒயரைக் கழற்றிச் சுரண்டி மாட்டுங்கள்.

10.5 என்ற எண்ணுக்குத் தனி அர்த்தம் உண்டு. பேட்டரிக்குள் ஆறு செல், ஒவ்வொன்றும் 2.1 வோல்ட். ஒன்று செத்துவிட்டால் மீதி ஐந்தும் சேர்ந்து 10.5. ராத்திரி முழுக்க சார்ஜ் போட்டும் காலையில் 10.5-ஐச் சுற்றியே நின்றால் யோசிக்காமல் மாற்றுங்கள். மூடி திறக்கும் வகை என்றால் ஆசிட்டின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரை விட்டுப் பாருங்கள். ஐந்து செல்லில் 1.250, ஒன்றில் மட்டும் 1.150 என்று வந்தால் செத்தது எது என்று விரல் வைத்தே காட்டலாம். தகடு வெளியே தெரிந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்ற வேண்டும். ஆசிட் ஊற்றினால் சரியாகும் என்று சொல்பவர் கையில் பேட்டரியைக் கொடுக்காதீர்கள்.

நம் பக்கம் பேட்டரியைக் கொல்வது குளிரைவிட வெயில்தான். பானெட்டுக்குள் இன்ஜின் சூடும் சேர்ந்துகொள்ளும். மூன்று நான்கு வருடம் ஓடியது சோர்ந்துபோவதில் ஆச்சரியமில்லை. மாற்றுவது என்று முடிவானால் வாரண்டி கார்டை முதலில் தேடி எடுங்கள். 24+24 மாதம் என்று போட்டிருந்தால் முதல் 24-க்குள் இலவசமாக மாற்றித் தருவார்கள். அடுத்த 24-ல் விலையில் ஒரு பகுதியைக் கழித்துக்கொள்வார்கள். ஸ்டார்ட் ஸ்டாப் வசதியுள்ள வண்டிக்கு அதற்கென்றே உள்ள இஎஃப்பி அல்லது ஏஜிஎம் பேட்டரிதான் போட வேண்டும். சாதா பேட்டரி விலை குறைவு என்று போட்டால் சீக்கிரமே படுத்துவிடும்.

ஒரே ஒரு டக், லைட்டெல்லாம் பளிச்சென்று எரிகிறது

பேட்டரியை விட்டுவிடுங்கள். செல்ஃப் மோட்டாரின் சொலனாய்டு, கார்பன் பிரஷ் இவற்றில் கோளாறு. எலக்ட்ரீஷியன் கடை வேலை. ஆட்டோமேட்டிக் வண்டியில் லீவர் பி-யில் சரியாக விழுந்திருக்கிறதா, பட்டன் ஸ்டார்ட் என்றால் சாவிக்குள் இருக்கும் வட்ட செல் தீர்ந்துவிட்டதா என்று மட்டும் பார்த்துவிட்டு போன் போடுங்கள்.

ஜம்ப் பண்ணி ஓட்டினேன், சாயங்காலமே மறுபடி போய்விட்டது

ஜம்ப் என்றால் இன்னொரு வண்டியின் பேட்டரியிலிருந்து ஒயர் போட்டு ஸ்டார்ட் பண்ணுவது. சாயங்காலமே போய்விட்டால் ராத்திரி மேல் பழி போட வேண்டாம். ஓடும்போதே சார்ஜ் ஏறவில்லை. இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது பேட்டரி முனைகளில் மீட்டரை வையுங்கள். 13.8 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். ஹெட்லைட், ஏசி, ப்ளோயர் எல்லாவற்றையும் போட்டு கொஞ்சம் ஆக்சிலரேட்டர் கொடுத்தாலும் 13.5-ஐ ஒட்டியாவது நிற்க வேண்டும். 12.4-ல் ஆரம்பித்து 12.3, 12.2 என்று மெதுவாக இறங்கினால் டைனமோ வேலை செய்யவில்லை. பெல்ட் தளர்ந்திருக்கிறதா என்று அழுத்திப் பாருங்கள், இன்ஜினை அணைத்துவிட்டு. பெல்ட் சரி என்றால் டைனமோவின் பிரஷ் தேய்ந்திருக்கும் அல்லது ரெகுலேட்டர் போயிருக்கும். பிரஷ் மாற்றினாலே பல டைனமோக்கள் பிழைத்துக்கொள்ளும். முழு யூனிட்டையும் மாற்றச் சொன்னால் ஏன் என்று கேளுங்கள்.

எண் விடாமல் 15-க்கு மேல் நின்றால் அது எதிர்ப்பக்கக் கோளாறு. ரெகுலேட்டர் கட்டுப்பாட்டை இழந்து பேட்டரியைக் கொதிக்க வைக்கிறது. அழுகிய முட்டை நாற்றம், பக்கவாட்டில் உப்பல் எல்லாம் வரும். அந்த நிலையில் ஓட்டாதீர்கள். புதிய வண்டிகளில் மட்டும் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும்: எரிபொருள் மிச்சம் பிடிக்க, கம்ப்யூட்டரே சார்ஜிங்கைக் குறைத்தும் கூட்டியும் விளையாடும். 12.7 என்று பார்த்துவிட்டுப் பதற வேண்டாம். ஹெட்லைட்டைப் போடுங்கள், எண் ஏறினால் டைனமோ நலம்.

இன்ஜின் ஓடும்போது பேட்டரி ஒயரைக் கழற்றி, வண்டி அணைகிறதா இல்லையா என்று பார்க்கும் பழைய பழக்கம் ஒன்று இன்னும் சில கடைகளில் இருக்கிறது. கார்புரேட்டர் காலத்து அம்பாசடருக்கு அது சரி. இப்போதைய வண்டியில் அப்படிச் செய்தால் வோல்டேஜ் ஒரு நொடியில் எகிறி கம்ப்யூட்டரைச் சுட்டுவிடும். உங்கள் வண்டியில் யாரையும் அதைச் செய்ய விடாதீர்கள்.

இன்னொன்று, ஜம்ப் பண்ணிய பிறகு அரை மணி நேரம் ஓட்டினால் பேட்டரி நிறைந்துவிடும் என்பது நடக்காத காரியம். சிக்னலுக்கு சிக்னல் ஏசியோடு ஐடிலில் நிற்கும் வண்டியில் டைனமோ தருவதில் பெரும்பகுதி அங்கேயே செலவாகிவிடும். முழுசாக இறங்கிய பேட்டரிக்கு வெளியில் ஸ்லோ சார்ஜ் போட வேண்டும்: 35 ஆம்ப் ஹவர் என்றால் 3.5 ஆம்ப் அளவில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம்.

ஜம்ப் பண்ணும் வரிசை: சிவப்பு ஒயர் இறங்கிய பேட்டரியின் பிளஸ்ஸில், மறுமுனை நல்ல பேட்டரியின் பிளஸ்ஸில், கறுப்பு நல்ல பேட்டரியின் மைனஸில், அதன் மறுமுனை இறங்கிய வண்டியின் இன்ஜின் இரும்பில், பேட்டரியிலிருந்து தள்ளி. கடைசியாக மாட்டும்போதுதான் பொறி வரும். பேட்டரி வாயில் தீப்பிடிக்கும் ஹைட்ரஜன் இருக்கும்.

தினமும் எடுத்தால் சரி, நாலு நாள் விட்டால் டவுன்

சின்னக் கசிவு, இல்லையென்றால் சோர்ந்த பேட்டரி. இரண்டையும் பிரிக்க ஆம்ப் அளக்கக்கூட வேண்டாம், இரண்டு ராத்திரி பொறுமை போதும். முதலில் பேட்டரியை முழுசாக சார்ஜ் போட்டுக்கொள்ளுங்கள். முதல் ராத்திரி மைனஸ் கிளாம்பைக் கழற்றி, முனையில் படாமல் துணி சுற்றி ஒதுக்கி வையுங்கள். ராத்திரி ஒரு அளவு, காலையில் ஒரு அளவு. மறுநாள் கிளாம்பை மாட்டி வண்டியை வழக்கம்போலப் பூட்டிவிட்டு அதே இரண்டு அளவு.

ஒயர் கழற்றி வைத்த ராத்திரியிலேயே 12.6-லிருந்து 12.2-க்கு இறங்கினால் பேட்டரி தனக்குத்தானே இறங்குகிறது. அதன் மேல்பகுதியில் எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் ஈரமும் படிந்திருந்தால் ஒரு முறை துடைத்துவிட்டுப் பாருங்கள், அந்த அழுக்கு வழியாகவே கொஞ்சம் ஓடும். துடைத்தும் இறங்கினால் மாற்ற வேண்டியதுதான். கழற்றியபோது அசையாமல் நின்று, மாட்டிய ராத்திரி மட்டும் இறங்கினால் பேட்டரி மேல் குற்றமில்லை. வண்டி குடிக்கிறது.

ஒயரைக் கழற்றுவதற்கு முன் சாவியை வெளியே எடுத்துக்கொள்ளுங்கள், டிரைவர் பக்கக் கதவைச் சாவியாலேயே திறக்க முடிகிறதா என்றும் பாருங்கள். மறுபடி மாட்டும்போது சில வண்டிகளில் செட் கோட் கேட்கும், கண்ணாடியின் ஆட்டோ வசதியை மறுபடி பழக்க வேண்டியிருக்கும். பெரிய விஷயமில்லை.

பேட்டரி புதுசு, டைனமோ நல்லது, அப்படியும் இறங்குகிறது

மீட்டரைத் தொடுமுன் கம்பெனி கொடுக்காமல் நீங்கள் மாட்டிய பொருள்களை எண்ணுங்கள். கசிவு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். வெளிக்கடையில் போட்ட செட்டில் மஞ்சள் ஒயர் எப்போதும் கரண்ட் உள்ளது, சிவப்பு ஒயர் சாவியோடு வர வேண்டியது. இரண்டையும் ஒன்றாக முறுக்கி டேப் சுற்றிவிட்டால் பாட்டு நன்றாகவே பாடும். சாவியை எடுத்தாலும் செட் தூங்காது, அவ்வளவுதான். பார்க்கிங் மோடு டேஷ்கேம் 0.3 ஆம்ப் இழுத்தால் சனி ஞாயிறு இரண்டு நாளில் 14 ஆம்ப் ஹவர். ஸ்டியரிங் அடியில் உள்ள ஓபிடி சாக்கெட்டில் (மெக்கானிக் ஸ்கேனர் மாட்டும் இடம்) எப்போதும் கரண்ட் இருக்கும். மைலேஜ் பார்க்க மாட்டிய சின்ன ப்ளூடூத் கருவியை அங்கேயே மறந்திருப்போம். ஜிபிஎஸ் ட்ராக்கர், ரிவர்ஸ் கேமரா, கூடுதல் ஹாரன் ரிலே, டேஷ்போர்டு பிள்ளையாருக்குக் கீழே எரியும் எல்இடி வரை எல்லாம் இந்தக் கணக்கில் வரும். ஃபாஸ்டேக் மேல் சந்தேகப்படுகிறவர்களும் உண்டு. அது வண்டியிலிருந்து ஒரு துளி கரண்ட்டும் எடுப்பதில்லை. சுங்கச்சாவடி கருவி அனுப்பும் அலையிலேயே அது பதில் சொல்லும்.

அப்புறம் தானாக எரியும் விளக்குகள். டிக்கியும் குளோவ் பாக்ஸும் மூடிய பிறகு உள்ளே லைட் அணைகிறதா என்று எப்படித் தெரியும்? போனில் வீடியோ ஓடவிட்டு உள்ளே வைத்து மூடி, ஒரு நிமிடம் கழித்து எடுத்துப் பாருங்கள். இருட்டாகப் பதிவாகியிருந்தால் சரி. கதவு சுவிட்ச் துருப்பிடித்து ரூம் லைட் எரிவதும் அடிக்கடி நடக்கும்.

இத்தனையும் பார்த்தும் பிடிபடவில்லை என்றால் ஆம்ப் அளக்க வேண்டும். மீட்டரின் சிவப்பு ஒயரை 10 ஆம்ப் என்று எழுதிய துளையில் மாற்றிக் குத்துங்கள். மில்லியாம்ப் துளையில் வைத்தால் உள்ளே இருக்கும் சின்ன ஃப்யூஸ் போய்விடும். ஆம்ப் துளையில் இருக்கும்போது குச்சிகளை ஒருபோதும் பேட்டரியின் இரண்டு முனைகளில் வைக்காதீர்கள். அது நேர் ஷார்ட். வீட்டு எலக்ட்ரீஷியன் வைத்திருக்கும் சாதா கிளாம்ப் மீட்டர் வீட்டு ஏசி கரண்ட்டை மட்டும் அளக்கும், வண்டியில் ஓடுவது டிசி, இதற்கு உதவாது.

டிரைவர் கதவைத் திறந்து வைத்து, கதவின் லாக் கொக்கியை ஸ்க்ரூடிரைவரால் அமுக்கிவிடுங்கள். கதவு மூடியிருப்பதாக வண்டி நினைத்துக்கொள்ளும், நீங்கள் உள்ளே இருக்கும் ஃப்யூஸ் பெட்டியை எட்டலாம். டிக்கியை மூடுங்கள். ரிமோட்டால் லாக் செய்து, பட்டன் ஸ்டார்ட் வண்டி என்றால் சாவியை வீட்டுக்குள் தள்ளி வையுங்கள். மைனஸ் கிளாம்பைத் தளர்த்துங்கள், ஆனால் எடுக்காதீர்கள். மீட்டரின் ஒரு குச்சியை மைனஸ் முனையிலும் இன்னொன்றைக் கிளாம்பிலும் அழுத்திப் பிடித்தபடி கிளாம்பை மெல்லத் தூக்குங்கள். இப்போது வண்டிக்குப் போகும் கரண்ட் முழுவதும் மீட்டர் வழியாகத்தான் போக வேண்டும். முதலை வாய் கிளிப் இருந்தால் கைக்கு ஓய்வு.

முதலில் 2, 3 ஆம்ப் காட்டினாலும் பயப்பட வேண்டாம். கம்ப்யூட்டர்கள் ஒவ்வொன்றாகத் தூங்கப் போகும். எண் படிப்படியாக விழுந்து, அரை மணி நேரத்தில் ஓரிடத்தில் நிற்கும். சில வண்டிகளுக்கு இன்னும் அதிக நேரம் ஆகும். இங்கே அவசரப்படுபவர்கள்தான் இல்லாத கோளாறைத் தேடி அலைகிறார்கள். 0.02, 0.04 என்று நின்றால் வண்டி நலம். 0.4-ல் நின்றால் ஒரு 5 வாட் பல்பு எங்கோ எரிகிறது. இந்த வேளையில் யாரும் சாவியைத் திருப்பக் கூடாது. செல்ஃப் அடித்தால் மீட்டரோடு போய்விடும்.

எண் அதிகமாக இருந்தால் ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, எண்ணைப் பார்த்து, அதே இடத்தில் திரும்பக் குத்துங்கள். எதைப் பிடுங்கும்போது 0.42 சட்டென்று 0.03 ஆகிறதோ அந்த வழியில்தான் கசிவு. ஃப்யூஸ் பெட்டி மூடியின் பின்பக்கம் அது ரூம் லைட்டா, ஆடியோவா, சென்ட்ரல் லாக்கா என்று எழுதியிருக்கும்.

புதிய வண்டியில் ஒரு தொல்லை உண்டு: ஃப்யூஸைத் திரும்பக் குத்தினாலே தூங்கிய கம்ப்யூட்டர் விழித்துக்கொள்ளும், மறுபடி அரை மணி நேரம். அப்படிப்பட்ட வண்டிக்கு ஃப்யூஸைப் பிடுங்காமலே பார்க்கும் வழி இருக்கிறது. ஃப்யூஸின் முதுகில் இரண்டு சின்ன உலோகப் புள்ளிகள் தெரியும். மீட்டரை 200 மில்லிவோல்ட் ரேஞ்சில் வைத்து இரண்டு புள்ளிகளையும் தொடுங்கள். 0.0 என்றால் அதில் ஒன்றும் பெரிதாக ஓடவில்லை. 10 ஆம்ப் மினி ஃப்யூஸில் 1 மில்லிவோல்ட் காட்டினால் ஏறக்குறைய 130 மில்லியாம்ப் ஓடுகிறது. இந்த முறையில் பேட்டரி ஒயரையே கழற்ற வேண்டாம். கை நடுங்காமல் தொட வேண்டும் என்பது ஒன்றுதான் கஷ்டம்.

ஏர்பேக் ஃப்யூஸையும் மஞ்சள் நிற கனெக்டர்களையும் விட்டுவிடுங்கள்.

எல்லா ஃப்யூஸும் பிடுங்கியாயிற்று, எண் இறங்கவில்லை

ஃப்யூஸ் பெட்டி வழியாகப் போகாமல் பேட்டரியிலிருந்து நேராகப் போகும் ஒயர்களில்தான் மிச்சம். வெளிக்கடையில் போட்டவை சில அப்படித்தான் இருக்கும். பிளஸ் கிளாம்பில் தொங்கும் மெல்லிய சிவப்பு ஒயர்களைக் கழற்றி எண் விழுகிறதா பாருங்கள். ஒட்டிக்கொண்ட ரிலேயும், அதாவது கரண்ட்டில் இயங்கும் சின்னப் பெட்டி சுவிட்சும், இருக்கலாம். ராத்திரி நின்ற வண்டியில் காலையில் ரிலேக்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தால், எல்லாம் சில்லென்று இருக்கையில் ஒன்று மட்டும் வெதுவெதுப்பாக இருக்கும். வெள்ளத்தில் நின்ற வண்டி என்றால் ஃப்யூஸ் பெட்டியின் அடிப்பக்கத்தையும் பாருங்கள். கால்களில் பச்சை பிடித்திருந்தால் அங்கேயே ஓடும்.

அதே கையோடு டைனமோவையும் தொட்டுப் பாருங்கள். இன்ஜின் ஆறிக் கிடக்கும்போது டைனமோ மட்டும் சூடாக இருந்தால் அதற்குள் இருக்கும் டயோடு போய்விட்டது. கரண்ட் ஒரே திசையில் போகும்படி காவல் காப்பது அதுதான். அது ஓட்டையானால் பேட்டரியிலிருந்து திரும்பி டைனமோவுக்குள் ஓடும், நிறைய நேரம் ஆம்ப் கணக்கில். பகலில் 13.5, 14 என்று சார்ஜும் காட்டும் என்பதால் டைனமோ மேல் யாருக்கும் சந்தேகம் வராது. உறுதி செய்ய, இன்ஜின் ஓடும்போது மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து பேட்டரி முனைகளில் பாருங்கள். 0.1-க்குள் இருக்க வேண்டும்; 0.5-ஐத் தாண்டினால் டயோடு. சில மலிவு மீட்டர்கள் டிசி-யையே ஏசி என்று 28, 30 காட்டி ஏமாற்றும். குச்சிகளை மாற்றி வைத்தும் பாருங்கள். ஒரு பக்கம் 30, மறுபக்கம் 0 என்றால் அந்த மீட்டர் இந்த வேலைக்கு ஆகாது. அப்போது மைனஸைக் கழற்றிவிட்டு, டைனமோவின் தடித்த ஒயரின் நட்டைக் கழற்றி டேப் சுற்றி ஒதுக்கி, மறுபடி ஆம்ப் அளந்து பாருங்கள்.

எலக்ட்ரீஷியனிடம் போவதானால் வெறுமனே "பேட்டரி இறங்குது" என்று சொல்லாமல், அளந்ததைச் சொல்லுங்கள்: "லாக் பண்ணி அரை மணி நேரம் கழிச்சும் 0.42 இழுக்குதுண்ணே. ரூம் ஃப்யூஸ எடுத்தா 0.03. ஒயர் கழட்டி வச்சா பேட்டரி 12.6-லயே நிக்குது." அவர் பேட்டரி பக்கம் போகாமல் நேராகக் கூரை லைட்டையும் கதவு சுவிட்சையும்தான் கழற்றுவார்.